ஒரு மணி நேரம் இருந்தவன்

இந்த விவரத்தை நான் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டு வருகிறேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். விவரம் என்பது மூன்றே வாக்கியம். சொன்னவள் என் மனைவி தவமணி. உயிரோடதான் பொறந்தான், கண்ணத் தொறந்து என்னப் பாத்தான், ஒரு மணி நேரம் எம்மேலயே இருந்தான். எங்கள் முதல் குழந்தையைப் பற்றி அவள் எனக்குச் சொன்னது இவ்வளவுதான். இருபத்தெட்டு வருடத்தில் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். இரண்டு முறையும் ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. பொய் என்றால் நாளாக ஆகக் கிளை விடும், இது விடவில்லை, அதனால் உண்மை என்று சில நாள் நினைப்பேன். நடந்ததைச் சொல்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வார்கள், மனப்பாடம் செய்ததுதான் மாறாது என்று வேறு சில நாள் நினைப்பேன். இப்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஆடு மாடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து. வந்தவாசி தாண்டி ஒரு பொட்டலில், அடிமாட்டு லாரிகளிலிருந்தும் கோழிப்பண்ணைகளிலிருந்தும் மீட்ட பிராணிகளை வைத்துக் காப்பாற்றுகிற இடம் இது. புங்க மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு. மணி ஒன்று இருக்கும். வெயில் கொட்டகைகளின் தகரத்தை உருக்கி வழிய விடுவதுபோல் இருக்கிறது. பெஞ்சுக்கு அடியில் ஒரு வெள்ளைக் கோழி நிழலின் ஓரத்தில் நிற்கிறது; நிழல் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது. முட்டைப் பண்ணையில் கூண்டிலேயே இருந்ததாம், அலகின் நுனியை வெட்டியிருக்கிறார்கள். தரையில் கிடக்கும் கம்பு மணியைக் கொத்துகிறது, தவறுகிறது, மறுபடி கொத்துகிறது, மறுபடி தவறுகிறது. தவறினோம் என்று அதற்குத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். தவமணி அகத்திக்கீரைக் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, மாட்டுக் கொட்டகையைப் பார்த்துப் போகிறாள். காலையில் திடீரென்று, ஒரு இடத்துக்குப் போலாம் வாங்க என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் ஜன்னல் கம்பியில் தாடையை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். சித்திரை பதினொன்று. அவள் இந்தத் தேதியை ஒரு வருடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் மகள் பிறந்து வளர்ந்து கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாள், அவளுக்குக்கூட இந்தத் தேதி தெரியாது. தவமணிக்கு ஞாபகம் இருந்துதான் கூட்டி வந்தாளா, அகத்திக்கீரை விலை குறைந்திருந்ததால் கூட்டி வந்தாளா, அதையும் நான் கேட்கவில்லை.

நான் அப்போது நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பிரிவில் எழுத்தர். தேர்தல் வந்தது, மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி வேலை போட்டார்கள். ஜீப் ஏறாத இடம், இரண்டு மணி நேரம் நடை. தவமணிக்கு எட்டாம் மாதம் தொடக்கம், இன்னும் ஏழு வாரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு விட்டுப் போனேன். போய்த் திரும்ப மூன்று நாள். திரும்பி வந்தபோது அவளுடைய அண்ணன் மண்வெட்டியைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். என் மாமியார் என்னைப் பார்த்து, வாங்க மாப்ளே, கைகால் கழுவிக்கிட்டுச் சாப்பிடுங்க என்றார். இருவரும் இப்போது இல்லை. இருந்தபோதும் நான் அவர்களைக் கேட்கவில்லை. தவமணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் பக்கம் திரும்பாமல், சுவரிடம் சொல்வதுபோல் அந்த மூன்று வாக்கியத்தையும் சொன்னாள். நான் அவள் காலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் விரல்களில் தேர்தல் மை இருந்தது, மலை ஜனங்களின் விரலுக்கு நாள் முழுக்க வைத்த மை, அவள் பாதத்தின்மேல் அந்தக் கறுத்த விரல்கள் யாருடையவோபோல் இருந்தன. அதோடு முடிந்திருக்கலாம். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி எல்லா ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படிவங்கள் வந்தன. அவை என் மேஜைக்குத்தான் வரும். ஒரு குழந்தை ஒரே ஒரு மூச்சு விட்டிருந்தாலும் இரண்டு படிவம் உண்டு, பிறந்ததற்கு ஒன்று, இறந்ததற்கு ஒன்று. மூச்சே விடவில்லை என்றால் ஒரு படிவம்தான், அதற்குத் தனிப் பதிவேடு, உயிரற்ற பிறப்பு. வந்த படிவக் கட்டில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. ஒரே படிவம். இரண்டாவது படிவத்தைக் கட்டு முழுக்கத் தேடினேன், மேஜைக்கு அடியிலும் தேடினேன். தவமணிக்குப் பிரசவம் நடந்த நர்ஸிங் ஹோமை எனக்குத் தெரியும், இப்போது அது இல்லை. அங்கே படிவம் எழுதுகிற கம்பவுண்டர் மாதக் கடைசியில் ஒரே உட்காரலில் ஞாபகத்திலிருந்து முப்பது படிவத்தையும் எழுதித் தள்ளுவார். கொஞ்ச நேரம் இருந்து போன குழந்தை என்றால் இரண்டாக எழுத வேண்டும், காரணம் எழுத வேண்டும், டாக்டர் கையெழுத்துக்கு நிற்க வேண்டும். ஒன்றாக எழுதினால் டீ ஆறுவதற்குள் முடியும். இது எனக்குத் தெரியும். வேறு மூன்று பேருக்கு நானே திருத்தக் கேட்டுக் கடிதம் போட்டு வாங்கித் தந்திருக்கிறேன். என் படிவத்துக்கு ஏன் போடவில்லை? போட்டிருந்தால் பதில் வந்திருக்கும். வந்துவிடும் என்பதுதான் பயம். பேனாவில் மை நிரப்பி, பதிவேட்டைத் திறந்து, என் கையெழுத்தில், ஆண், முப்பத்து மூன்று வாரம், உயிரற்ற பிறப்பு என்று எழுதி, வரிசை எண் போட்டேன். அந்தப் பதிவேட்டில் குழந்தைக்குப் பெயர் எழுதக் கட்டமே கிடையாது. என் மனைவி ஒரு மணி நேரம் வைத்திருந்தவனை நான் ஒரு வரியில் இல்லாமல் ஆக்கினேன். அல்லது, இல்லாதவனை இல்லை என்று எழுதினேன். இரண்டில் எது என்று தெரியாமல்தான் முப்பது வருடம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெறப்போகிறேன்.

கொட்டகைப் பக்கம் சிரிப்புச் சத்தம். தவமணி சிரிக்கிறாள், வெளியில் அவள் இப்படிச் சிரித்து நாளாயிற்று. எழுந்து போகிறேன், கோழி என் நிழலுக்குள் வந்து கொஞ்ச தூரம் கூடவே நடந்து, பிறகு வெயிலைக் கண்டு நின்றுவிடுகிறது. அங்கே ஒரு கிழட்டு எருமை, கொம்பு ஒன்று கீழ்நோக்கி வளைந்து கன்னத்தைத் தொடுகிறது. அகத்தியைத் தண்டோடு மென்றுகொண்டிருக்கிறது. பக்கத்தில் அறுபது வயது மனிதர், லுங்கி, தோளில் சிவப்புத் துண்டு, ஏகாம்பரம் என்று பெயராம். "எல்லாரும் கீரைய எட்த்துனு வந்து பசுமாட்டுக்குத்தான் குடுக்கறாங்க சார். பொட்டு வெக்கறாங்க, வாலத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறாங்க. எருமைன்னா எமன் வண்டின்னு பத்தடி தள்ளி நிக்கறாங்க. பாலு மட்டும் கெட்டியா வோணும். இந்தம்மாதான் நேரா கஸ்தூரியாண்ட வந்துச்சு." தவமணி கஸ்தூரி என்கிற அந்த எருமையின் நெற்றியைச் சொறிந்துகொண்டே, "எங்க வீட்டுக்குத்தான் அவரு ஏற்கெனவே வந்துட்டுப் போயிட்டாரே, இனிமே என்ன பயம்?" என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். ஏகாம்பரமும் சிரிக்கிறார். நான் அந்த வாக்கியத்தில் சேலை முள்ளில் மாட்டிக்கொள்வதுபோல் மாட்டிக்கொள்கிறேன். எமன் வந்தான் என்றால் எடுத்துப்போக ஒன்று இருந்திருக்க வேண்டும். இல்லாத உயிரை எடுக்க எவன் வருவான். ஆனால் அவள் தன் அம்மாவைச் சொல்லியிருக்கலாம், அண்ணனைச் சொல்லியிருக்கலாம். என் அப்பாவும் எங்கள் வீட்டில்தான் போனார். ஒரு பேச்சுக்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு சாட்சியம் தேடுகிறேனே, இது என்ன புத்தி. "மாடு உங்களுதா?" என்று ஏகாம்பரத்தைக் கேட்கிறேன். "எனுதுதான் சார். மெட்ராஸ்ல வீடு வீடா கறந்து ஊத்துவேன். ரோட்ல கட்றேன்னு கார்ப்பரேசன்ல புட்ச்சிகினாங்கோ. மீட்கப் போனா, இங்க அனுப்பிட்டோம்னாங்க. சரி, அதுக்கு ஒரு பழக்கம் கீது, இவங்களுக்குத் தெரியாதேன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். ஆறு வருசம் ஆவுது, இன்னும் போவல." "உங்களையும் சேத்து மீட்டுட்டாங்கன்னு சொல்லுங்க" என்கிறாள் தவமணி. "ஆமாம்மா, ஆனா எனக்குக் கீர குடுக்க யாரும் வர்றதில்ல." என்ன பழக்கம் என்று கேட்டேன். நாலு மணிக்கு இருந்து பாருங்க என்றார். கடைசி பஸ் ஐந்தரைக்கு. இருக்கலாம் என்றாள் தவமணி, என்னைக் கேட்காமலே.

கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் துண்டை விரித்துப் படுக்கிறேன். இலைகளுக்கு நடுவில் வெயில் கண் சிமிட்டுகிறது. எங்கோ ஒரு கழுதை கத்தி, பாதியில் எதற்குக் கத்தினோம் என்று மறந்ததுபோல் நிறுத்துகிறது. தவமணி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து கீரைத்தண்டுகளை ஒடித்துக் குவித்துக்கொண்டிருக்கிறாள். டிக், டிக் என்று ஒடிகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போகிறது. மலைமேல் பள்ளிக்கூடம், மூங்கில் தட்டி, ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். நான் மைக்குப்பியையும் குச்சியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கை வருகிறது, மை வைக்கிறேன், கை போகிறது. முகம் பார்க்க நேரமில்லை. தேன் எடுத்துக் காய்த்த கை, வளையல் போட்ட கை, நகமே இல்லாத ஒரு கை. வரிசை குறையவே இல்லை. பிறகு ஒரு கை வருகிறது, மேஜை விளிம்புக்கு எட்டாமல், என் சுண்டு விரலின் நகத்தளவுக்கு உள்ளங்கை, தோல் வழியாக உள்ளே சிவப்பு தெரிகிறது. இது வாக்காளர் பட்டியலில் இல்லை என்று பக்கத்தில் யாரோ சொல்கிறார்கள். வரிசை எண் என்ன என்று கேட்கிறார்கள். எனக்கு எண் தெரியும், நான்தானே போட்டேன், சொல்ல வாய் வரவில்லை. குச்சியில் மை சொட்டுகிறது. வைத்துவிட்டால் இவன் வந்துபோனதற்கு அடையாளம் ஆகிவிடும், மை ஒரு மாதமாவது அழியாது, மண்ணுக்குள் போனாலும் அழியாது. ஆனால் இவ்வளவு சிறிய விரலில் எங்கே வைப்பது, வைத்தால் விரல் முழுக்கக் கறுத்துப்போகுமே என்று தயங்கிக்கொண்டே இருக்கிறேன். அந்தக் கை பொறுமையாகக் காத்துக்கொண்டிருக்கிறது. குனிந்து முகத்தைப் பார்க்கலாம். மேஜைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும். பார்க்கலாம் பார்க்கலாம் என்று இருக்கும்போதே, "என்னங்க, மணி நாலு" என்று தவமணி தோளைத் தொடுகிறாள். எழுந்து உட்கார்ந்து என் விரல்களைப் பார்க்கிறேன். புளிச்சோற்றின் எண்ணெய்தான் இருக்கிறது. என் முகத்தில் என்ன கண்டாளோ, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கையில் கொடுக்கிறாள்.

கொட்டகைக்குள் கஸ்தூரி கத்திக்கொண்டிருக்கிறது. பசியில் கத்துகிற கத்தல் இல்லை, அடிவயிற்றிலிருந்து நீளமாக, கேள்விபோல் மேலே போய் நிற்கிற ஒரு சத்தம். ஏகாம்பரம் தீவன அறையிலிருந்து ஒரு சாக்குப் பொதியைத் தோளில் தூக்கி வருகிறார். இறக்கி வைத்துச் சாக்கை உருவியதும்தான் அது என்ன என்று தெரிகிறது. கன்று. கன்றின் தோல், உள்ளே வைக்கோல் அடைத்து வயிற்றோரம் சணலால் தைத்திருக்கிறது, காலுக்கு நாலு மூங்கில் குச்சி. மயிர் பல இடத்தில் உதிர்ந்து பளபளப்பாகிவிட்டது. கண் இருந்த இடத்தை யாரோ கறுப்பு நூலால் மூடித் தைத்திருக்கிறார்கள். சிறு வயதில் பால்காரர்கள் இப்படி ஒன்றை சைக்கிளில் கட்டிக்கொண்டு போவதை நானும் பார்த்திருக்கிறேன். கன்று செத்த மாடு பால் இறங்க விடாது, தோல் கன்றைக் காட்டினால்தான் மடி சுரக்கும். "கெடாக் கன்னு சார், ஒம்பது வருசத்துக்கு முந்தி" என்கிறார் ஏகாம்பரம். "கெடாக் கன்னுக்கு நாங்க பாலு வுட மாட்டோம். பொய் சொல்லக் கூடாது, நான்தான் சாவ வுட்டேன். தோல் உரிச்சதும் நான்தான், தெச்சதும் நான்தான். இப்பத்தான் மடி வத்திப் போச்சே, யாரு கறக்கறாங்க, தூக்கிப் போட்ரலாம்னு பாத்தா, நாலு மணியானா இத்தக் கேக்குது. குடுக்கலேன்னா ராவுக்குத் தீனி எடுக்க மாட்டேங்குது." கன்றை எருமையின் முகத்துக்கு முன்னால் நிறுத்துகிறார். கத்தல் நிற்கிறது. கஸ்தூரி ஒரு முறை மூச்சை இழுத்து முகர்கிறது, பிறகு அந்தக் காய்ந்த கழுத்தை நக்கத் தொடங்குகிறது, அவசரமில்லாமல், காதிலிருந்து முதுகுவரை, ஒரு இடம் விடாமல். நாக்கு உரசுகிற சத்தம் உப்புத்தாள் தேய்ப்பதுபோல் கேட்கிறது. வைக்கோல் சரசரக்கிறது. தவமணியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை, இதை அவள் பார்க்கக் கூடாது, கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று தோன்றுகிறது, அந்த எண்ணத்துக்காகவே வெட்கப்படுகிறேன்; அவள் என்ன எருமையா, அவளுடையது என்ன வைக்கோலா. இருந்தும் என் வாய்தான் கேட்கிறது: "இது நிஜக் கன்னு இல்லேன்னு அதுக்குத் தெரியுமா?" ஏகாம்பரம் என்னை விசித்திரமாகப் பார்க்கிறார். "தெரியாம இன்னா சார்? நூறு கன்னு நின்னா மோந்து தன் கன்னத் தனியா ஓட்டிகினு வர்ற ஜாதி. வைக்கோலு வாசன தெரியாதா? மொத நாளே தெரியும்." "அப்புறம் ஏன் நக்குது?" "அத்த நீ அதாண்டதான் கேக்கணும்." தவமணி கன்றின் முதுகில் நின்றிருந்த ஒரு வைக்கோல் துணுக்கை எடுத்துக் கீழே போடுகிறாள். "அவருக்குக் கேக்க வராதுண்ணே" என்கிறாள், சாதாரணமாக, எனக்கு உறைப்பு ஆகாது என்று கல்யாண வீட்டில் சொல்வதுபோல. "சந்தேகப்பட மட்டுந்தான் வரும். கேக்கச் சொன்னா இருபத்தெட்டு வருசம் ஆக்குவாரு." ஏகாம்பரம் என்ன ஏதென்று தெரியாமல் சிரிக்கிறார். கஸ்தூரி கன்றின் மறுபக்கத்துக்குத் தலையை நீட்டுகிறது.

பஸ் நிற்கிற இடத்துக்கு முக்கால் மைல் மண் பாதை. அவள் எனக்கு முன்னால் நடக்கிறாள், எப்போதும் அப்படித்தான். காலிப் பை காற்றில் அடித்துக்கொள்கிறது. வெயில் பழுத்துப்போய் எல்லாவற்றின் மீதும் மஞ்சளாகப் படிந்திருக்கிறது, பாதையோர வேலிக்கருவேலும் ஏதோ பூத்த மரம்போல் இருக்கிறது. இருபத்தெட்டு என்று சொன்னாள். எண்ணி வைத்திருக்கிறாள். நான் சந்தேகப்படுவது அவளுக்குத் தெரியும், எப்போதிலிருந்து தெரியும், தெரிந்துகொண்டா பக்கத்தில் படுத்தாள், தெரிந்துகொண்டா எனக்குச் சோறு போட்டாள். "மணி" என்று அவளைக் கூப்பிட்டேன். நிற்காமல் ம் என்றாள். "அந்த நர்ஸிங் ஹோம்லருந்து படிவம் வந்துது. ஒண்ணுதான் வந்துது. பொறக்கும்போதே உசுரில்லேன்னு. அதைப் பதிவேட்டுல நான்தான் எழுதினேன்." சொல்லிவிட்டேன். தரை பிளக்கவில்லை, வேலியில் ஒரு ஓணான் தலையை ஆட்டியது. "தெரியும்" என்றாள். "ஒருநாள் ஆபீசுக்கு டிபன் எடுத்தாந்தேன். நீங்க எங்கியோ போயிருந்தீங்க, நோட்டு தொறந்து கெடந்துது. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?" "பாத்தியா? ஏன் ஒண்ணும் கேக்கல?" "நீங்க ஏன் கேக்கல?" நின்று திரும்பினாள். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், அதைத் தாங்குவதற்காகத் தோளைக்கூட இறுக்கிக்கொண்டேன். களைப்புத்தான் இருந்தது, கூடவே ஒரு மாதிரி ஆவல், கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனின் இலையில் என்ன விழுகிறது என்று பார்க்கிற மாதிரி. "நீங்க எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். நான் பாத்தது பாத்ததுதான். அதுக்குமேல உங்களுக்கு என்னா தெரியணுமோ கேளுங்க. இன்னிக்குச் சொல்றேன். நாளைக்குக் கேட்டா சொல்ல மாட்டேன்." மடித்துப் போட்டுப் போட்டு ஓரம் கிழிந்த காகிதம்போல் ஒரு கேள்வி என்னிடம் இருந்தது. நெஜமாவே உயிரோடதான் பொறந்தானா. மலையிலிருந்து இறங்கிய நாளிலிருந்து அதை வைத்திருக்கிறேன். ஆமாம் என்பாள், வேறு என்ன சொல்வாள். ஆமாம் என்றதும் அந்த ஆமாவை இன்னொரு இருபத்தெட்டு வருடம் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பிப்பேன், என்னை எனக்குத் தெரியாதா. இல்லை என்றுவிட்டால் இந்த மண் பாதையில் இவளோடு எப்படி நடந்து பஸ் ஏறுவேன். தூரத்தில் வளைவில் புழுதி கிளம்பிவிட்டது, பஸ்தான். அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தேன். வைத்திருந்த கேள்வி வரவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் எனக்குத் தோன்றாத வேறொன்று, என் குரல்போலவே இல்லாத ஒரு குரலில் வந்தது:

"எந்தக் கண்ண மொதல்ல தொறந்தான்?"